கொள்ளுப் போட்ட வளைவு

எனக்குச் சொந்தமாக ஒரு மோட்டார் இருந்தது என்று சொன்னால் இப்போது வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. அதில் பந்தயம் ஓடினேன் என்றால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஓடியது ஒரே ஒரு பந்தயம். ஒரு சனிக்கிழமை, அடுத்த நாள் ஞாயிறு, அவ்வளவுதான். இதுவரை அதை நான் முழுசாகச் சொல்லாததற்கு அடக்கம் காரணம் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர் பாதியிலேயே “எல்லாம் விதிங்க” என்று உச்சுக்கொட்டுவார். அந்த இடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விதியாவது வெங்காயமாவது. நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்னால். சிம்மக்கல்லில் எங்கள் அப்பா பருப்பு மண்டி வைத்திருந்தார். நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்; உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் சரி, வேலை பார்த்தேன் என்று சொன்னால் அப்பாவின் ஆவி அடிக்க வரும். மலையில் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரன் சீமைக்குக் கப்பலேறும்போது தன் மோட்டாரை விற்றுவிட்டுப் போனான். பச்சை நிறம். இரண்டே பேர் உட்காரலாம். கூரை என்று ஒரு கான்வாஸ் துணி, அதுவும் கிழிசல். நான் அடம்பிடித்து வாங்கினேன். அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மூட்டை ஏத்த முடியாத வண்டி என்னத்துக்குடா” என்று கேட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அந்த வருஷம் துரைமார் கிளப்பில் மோட்டார்ப் பந்தயம் வைத்தார்கள். நாகமலையின் அடிவாரத்தில் ஒரு பொட்டலில் கூடாரம். அங்கிருந்து கப்பிக்கல் போட்ட ரோட்டில் மேற்கே போய், ஒரு ஊர் வளைவில் திரும்பி, கண்மாய்க் கரையோடு சுற்றி மறுபடி பொட்டலுக்கே வரவேண்டும். இப்படிப் பல சுற்று. சொந்த வண்டி வைத்திருக்கிற நம்மவர்களும் ஓட்டலாம் என்றார்கள். பேர் கொடுத்த ஜமீன்தார் ஒருவர் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். ஆக வெள்ளைத் தோல் இல்லாத ஒரே ஆள் நான்தான். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வளைவில் இருக்கிற ஊர்தான் எங்கள் ஊர். அப்பா டவுனுக்கு வந்துவிட்டார். சித்தப்பா அங்கேயே இருந்தார். இரண்டு பேருக்கும் பாகம் பிரித்ததில் ஒரு கிணற்றைப் பற்றித் தகராறு. அன்றிலிருந்து சித்தப்பா எங்கள் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். கண்மாய் நிறையாத வருஷங்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. ஒருதடவை நான் ஒரு மூட்டை அரிசியை வண்டியில் அனுப்பினேன். “ஒங்கப்பன் மண்டியில இருந்து ஒரு மணி இந்த வாசப்படி ஏறக்கூடாது” என்று வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் என்மேல் அவருக்குக் கோபம் கிடையாது. என்னைக் கண்டால் முகம் மலர்ந்துபோகும். எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். அப்பாவைவிடப் பிடிக்கும் என்று சொன்னாலும் தப்பில்லை.

பொங்கல் கழிந்த சமயம். பனி பெய்ய வேண்டிய மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டித் தீர்த்து ஓய்ந்தாலும் பரவாயில்லை. இது பிசுபிசுவென்று தூறும், நிற்கும், மறுபடி தூறும். துணி காயவில்லை. மண்டியில் சாக்கெல்லாம் பூசணம் பூத்தது. பந்தயம் நடக்காது என்று நான் பயந்தேன். வெள்ளைக்காரன் ஊரில் மழையில்லாத நாளே இல்லையாம். அவர்களுக்கு இது ஒரு மழையாகவே படவில்லை. பந்தயம் உண்டு என்றார்கள். கிராமம் கிராமமாகத் தண்டோராப் போட்டார்கள்: சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரோட்டில் ஆடு மாடு வரக்கூடாது, கட்டைவண்டி வரக்கூடாது.

சனிக்கிழமை, பழகிப் பார்ப்பதற்கான நாள். துரைமார் ஆளுக்கு ஒரு சுற்றுப் போய்விட்டுக் கூடாரத்தில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். முன்கண்ணாடியை மடக்கிவிட்டதால் சேறெல்லாம் வாய்க்குள் வந்தது. ஈர ரோட்டில் பிரேக்கை அழுத்தினால் வண்டியின் பின்பக்கம் தனியாக ஒரு பக்கம் போகப் பார்க்கும். காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை அது போகிற பக்கமே கொஞ்சம் விட்டுக்கொடுத்து இழுக்கவேண்டும். இதைக் கற்றுக்கொள்வதற்குள் இரண்டு தடவை ஓடைக்குள் இறங்கப் பார்த்தேன். கற்றுக்கொண்ட பிறகு இருந்த சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை.

சாயங்காலம் வளைவில் சித்தப்பா கையை நீட்டி நிறுத்தினார். தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். வண்டியை ஒருதரம் தடவிப் பார்த்தார்.

“ஏப்பா, நாளைக்கும் இப்படித்தான் சுத்துவியா?”

“நாளைக்குத்தான் சித்தப்பா பந்தயமே. எல்லா வண்டியும் சுத்தும்.”

“எம்புட்டு வண்டி?”

“எட்டு.”

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு சொன்னார். அந்த வருஷம் கண்மாயில் தண்ணீர் இல்லாமல் நெல் போடவில்லை. மானாவாரியில் கொள்ளு மட்டும் விதைத்தார். ஆடி வரைக்கும் வீட்டில் கஞ்சி காய்ச்சுவதற்கு அதுதான். செடியைப் பிடுங்கிப் போர் போட்ட அன்றைக்கே தூறல் பிடித்துக்கொண்டது. ஓலைப் பாயைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். உள்ளே சூடு ஏறுகிறது, இன்னும் இரண்டு நாள் போனால் முளை விட்டுவிடும். களம் சேறு, மாடு கட்டினால் முழங்கால் வரை புதைகிறது.

“கம்பெடுத்து அடிச்சுப் பாத்தாச்சுப்பா. நெத்து நமத்துப்போயிக் கெடக்கு, ஒடைய மாட்டேங்குது. மேல மோட்டார் ஏறி எறங்குனாத்தான் ஒடையும். பஸ்காரன் வருவான், பகலுக்கு ரெண்டு தடவை. அதுக்கே எங்களைப் போட்டு ஏசுவான். நீ சும்மாதானே சுத்துறே.”

எங்கள் பக்கத்தில் இது வழக்கந்தான். கொள்ளோ உளுந்தோ எள்ளோ, செடியோடு ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப்போகும். ஒரு வண்டி போனதும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்துபோய்க் கவைக்கம்பால் செடியைப் புரட்டிவிடுவார்கள், அடியில் இருப்பது மேலே வருவதற்காக. அப்புறம் ஓரத்துக்கு வந்து அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள். வண்டி வர நேரமாகும். அவசரம் ஒன்றும் இல்லை.

“வேண்டாம் சித்தப்பா. இது பஸ் இல்லை. ஈரத்தில் அந்தச் செடி எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும்.”

“பாதி ரோட்டுல போட்டுக்கிறேன். மத்தவுக அந்தப் பக்கம் போகட்டும்.”

“தண்டோராப் போட்டாகளே, கேக்கலையா?”

“ஆடு மாடு வரக்கூடாதுன்னான். கட்டைவண்டி வரக்கூடாதுன்னான். கொள்ளு போடக்கூடாதுன்னு சொல்லலையே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சொன்னாக் கேளுங்க. ஆளுக்குத்தான் ஆபத்து” என்று கத்தினேன். அவர் அதற்கும் சிரித்தார். “இம்புட்டு நேரமா நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஒரு வாட்டி போயிட்டுத் திரும்பி வாரதுக்குள்ள நிதானமா ஒரு வெத்தலை போட்டு மென்னு துப்பிரலாம்” என்றார். சனிக்கிழமை நான் தனியாகத்தானே சுற்றினேன். அவர் பார்த்த பந்தயம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறல் விட்டிருந்தது. மேகமூட்டம், ஈரக்காற்று. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்குக் கடைசி இடம். ஒரு வண்டி கிளம்பிக் கொஞ்சம் பொறுத்து அடுத்த வண்டி. எனக்கு முந்தி ஏழாவதாகப் போனது ஒரு எஸ்டேட் துரையின் கறுப்பு வண்டி. அவன் தாட்டியான ஆள், கொஞ்சம் தமிழ் பேசுவான். கிளம்பும்போது என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனான்.

முதல் சுற்றில் வளைவைத் திரும்பினேன். இடதுபக்கப் பாதி ரோடு முழுக்க, வளைவிலிருந்து புளியமரம் வரைக்கும் கொள்ளுச்செடி. சித்தப்பா கவைக்கம்போடு நிற்கிறார். சித்தி முறத்தோடு. அவர்கள் பெண்பிள்ளைகள் இரண்டும் விளக்குமாற்றோடு. கொடி பிடிப்பதற்காகக் கிளப்பார் அங்கே நிறுத்தியிருந்த சேவகன் எங்கள் ஊர்க்காரன், சித்தப்பாவுக்குப் பங்காளி; அவனும் சேர்ந்து சிரித்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு வாயில் வந்த வசவையெல்லாம் இங்கே எழுத முடியாது.

துரைமார் ஏழு பேரும் செடியை ஒதுக்கி வலதுபக்கமாகப் போயிருந்தார்கள். செடி அப்படியே பஞ்சுமெத்தையாகக் கிடந்தது. ஒரு நெற்றுகூட உடைந்திருக்காது. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கேட்கவும் மாட்டார், நான் ஒதுங்கிப் போனால் ஒன்றும் சொல்லவும் மாட்டார். அந்த மனுஷர் வாழ்நாளில் என்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான். அரிசி கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. சும்மா சுற்றுகிற வண்டியை இதன்மேல் கொஞ்சம் விடு என்றார். நான் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடதுபக்கம் ஏற்றினேன். பின்சக்கரம் இரண்டும் நழுவின. நெற்றுகள் வெடிக்கிற சத்தம் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அப்படியேதான். ஏழு வண்டி வலதுபக்கமாகப் பறக்கும். கடைசியில் என் பச்சை வண்டி கொள்ளின்மேல் ஏறும். நான் போனதும் சித்தப்பா ரோட்டில் இறங்கிச் செடியைப் புரட்டுவார். முதல் வண்டி மறுபடி வருவதற்குள் நேரம் கிடக்கும். ஏறி ஓரத்தில் நிற்பார். அவர் கணக்கில் தப்பே இல்லை. பச்சை வண்டி போனால் அந்தச் சுற்று முடிந்தது, இறங்கலாம். நானும் சுற்றுக்குச் சுற்றுப் பார்த்துவிட்டு, சரி, ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதிப் பந்தயம் போயிருக்கும். மறுபடி தூற ஆரம்பித்தது. கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்து, கடைசியில் அதைக் கழற்றி எறிந்துவிட்டேன். கண்மாய்க் கரையில் ஏறினபோது முன்னால் கறுப்பு வண்டி தெரிந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம். கொள்ளில் ஏறி ஏறி நான் இழந்த நேரத்தையெல்லாம் கரையில்தான் மீட்டுக்கொண்டிருந்தேன். கரை குறுகல், ஒருபக்கம் சரிவு. அவன் பிரேக்கை அழுத்தினான். அவன் வண்டியின் பின்பக்கம் ஆடியது. நான் அழுத்தவில்லை. சனிக்கிழமை கற்றுக்கொண்டது அதைத்தானே. அவன் சமாளிப்பதற்குள் நான் பக்கத்தில் வந்துவிட்டேன், தாண்டியும் விட்டேன். அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தேன். அவன் சிரித்தான், நல்ல ஆட்டக்காரன். நான் தனியாக உட்கார்ந்து கூச்சல் போட்டேன். பொட்டலைத் தாண்டும்போது கூடாரத்திலிருந்து யாரோ தொப்பியைத் தூக்கிக் காட்டினார்கள். சிம்மக்கல் பருப்புக்கடைக்காரன் மகன் ஒரு துரையை முந்திவிட்டான்.

அந்த வேகத்திலேயே வளைவுக்கு வந்தேன். கொள்ளின்மேல் ஏற்றினேன், மறக்கவில்லை. சித்தப்பா எப்போதும்போல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கட்டைவிரலால் எனக்குப் பின்னால் காட்டினேன். ஒருத்தனைத் தாண்டிவிட்டேன் சித்தப்பா என்று அர்த்தம். அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார், கம்பைத் தூக்கிக் காட்டினார். நான் போய்விட்டேன்.

அப்புறம் ஒரு முழுச் சுற்று. அந்தச் சுற்றை நான் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினேன். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மறுபடி வளைவுக்கு வந்தபோது சேவகன் ரோட்டின் நடுவில் நின்று சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தான். கறுப்பு வண்டி ஓடைக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தது. எனக்கு முன்னால் போன வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. புளியமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. சித்தி அலறுகிற சத்தம் கேட்டது. நான் இறங்கி ஓடினேன். செடியில் கால் வழுக்கி விழுந்து எழுந்தேன். சித்தப்பாவை ரோட்டோரமாகக் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சுக்குக் கீழே பார்க்கும்படி இல்லை. கவைக்கம்பு கையிலேயே இருந்தது. உயிர் போயிருந்தது.

எஸ்டேட் துரை தலையில் ரத்தத்தோடு ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தான். நான் அவன்மேல் பாய்ந்தேன். கழுத்தைப் பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அவன் தடுக்கவில்லை. “அந்த ஆள் உன் வண்டியைப் பார்த்தான், உடனே இறங்கினான். என் வண்டியைப் பார்க்கவே இல்லை. நான் பிரேக் போட்டேன். நிற்கவில்லை” என்றான். சொல்லிவிட்டு அழுதான். என் கை தானாக விட்டுவிட்டது.

சேவகன் பக்கத்தில் வந்து சொன்னான். “அண்ணே, நான் கத்துனேன். காதுல ஏறலை. ‘நம்ம பய வண்டி போயிருச்சு, இனிமே வண்டி இல்லை’ன்னு சொல்லிக்கிட்டே எறங்கிட்டாரு.”

நான் கடைசியாகவே வந்திருந்தால் அவர் இறங்கியதில் ஒரு தப்பும் இல்லை. மோட்டார்ப் பந்தயமே பார்த்திராத ஊர்க்காரர் போட்ட கணக்கு; பந்தயத்தில் ஒரு வண்டி இன்னொன்றை முந்தும் என்பதுதான் அதில் இல்லை. இதைத்தான் விதி என்கிறார்கள். விதி கண்மாய்க் கரையில் வண்டி ஓட்டவில்லை, நான் ஓட்டினேன். ஓட்டுவதற்குத்தான் போனேன். அதைத் தப்பென்றும் என்னால் சொல்ல முடியவில்லை, சும்மா விடவும் முடியவில்லை.

தூறல் வலுத்தது. யாரோ சாக்கை எடுத்துச் சித்தப்பாவின்மேல் போர்த்தினார்கள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த சித்தி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். அப்புறம் ரோட்டைப் பார்த்தாள். அழுகையை நிறுத்தினாள்.

“கொள்ளு நனையுது. அள்ளுங்கடி.”

பெண்பிள்ளைகள் இரண்டும் அசையாமல் நின்றன.

“பாத்துக்கிட்டே நிக்கிறீகளே. அள்ளுங்கன்னா. ஒங்கய்யா உசுரைக் குடுத்து அடிச்சதுடி.”

எனக்கு அப்போது அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இவள் பொம்பளைதானா என்று நினைத்தேன். ஆனால் ஊர்க்காரர்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் குனிந்தார்கள். செடியை உதறி ஒதுக்கினார்கள். அடியில் மணி கொட்டிக் கிடந்தது, எதிர்பார்த்ததைவிட நிறையவே இருந்தது. ரத்தம் பட்ட இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் கூட்டி அள்ளினார்கள். துரைமார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. சின்னப் பெண் விளக்குமாற்றை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் கூட்டினேன்.

சாயங்காலம் கூடாரத்தில் யாருக்கோ பந்தயக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். விசாரணை நடந்தது. ரோட்டில் இறங்கியவர்மேல்தான் தவறு என்று எழுதினார்கள். என் வண்டியை மண்டிக்குப் பின்னால் கொட்டகையில் விட்டேன். அதற்கப்புறம் நான் அதில் ஏறவில்லை. யுத்தம் வந்து டயர் கிடைக்காமல் போனபோது அப்பா நாலு சக்கரத்தையும் கழற்றி விற்றார். மிச்சம் இரும்புக்கடைக்குப் போயிற்று. சித்தப்பாவின் கருமாதிக்கு அப்பா வந்திருந்தார். ஊருணிக்கரையில் நின்றுவிட்டு, வாசல்படி ஏறாமலே திரும்பிவிட்டார்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து நான் ஒரு மூட்டை அரிசியை மாட்டுவண்டியில் ஏற்றி, இந்தத் தடவை நானே கூடப் போனேன். சித்தி வாசலுக்கு வந்தாள். வண்டியைப் பார்த்தாள்.

“நீ உள்ள வா. மூட்டை வண்டியிலயே இருக்கட்டும்.”

“சித்தி, பிள்ளைகளுக்காகவாவது.”

“அவுக வேணாம்னு சொன்னது. நான் எப்பிடி எறக்குவேன்? ஆடி வரைக்கும் இருக்குப்பா எங்களுக்கு. உக்காரு, சாப்பிடு.”

தட்டில் கஞ்சியும், தொட்டுக்கொள்ள அவித்த கொள்ளும் வைத்தாள். உப்பும் மிளகாயும் போட்டுத் தாளித்திருந்தாள். எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவுக இருந்தா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாக. எம் மகன் மோட்டாரு அடிச்ச கொள்ளுன்னு.”

ஒரு வாய் எடுத்து வைத்தேன். இரண்டாவது வாயில் பல்லில் ஏதோ நறுக்கென்று பட்டது. எவ்வளவுதான் புடைத்தாலும் ரோட்டில் அடித்த தானியத்தில் ஒன்றிரண்டு தங்கிவிடும். கப்பிக்கல், கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. அந்த வளைவில் கிடந்தது.

“கல்லாப்பா? துப்பிரு” என்றாள் சித்தி.

“இல்லை சித்தி” என்று சொல்லிவிட்டு, அதை விழுங்கினேன்.